பத்து ரூபாய் முன்பணமும் கோபிநத்தத்து ஓடையும்

மேட்டூரிலிருந்து கொளத்தூர் வழியாக மாதேசுவரன் மலைக்குச் செல்லும் சாலையில் பாலாற்றைக் கடந்தவுடன் கர்நாடக மாநிலம் தொடங்குகிறது. சோதனைச் சாவடியை அடுத்து ஒரு காட்டுச் சாலை பிரிகிறது. இருபுறமும் முட்செடிகளும் உலர்ந்த மரங்களும் நிற்கும் அச்சாலையில் சென்றால் கோபிநத்தம் வருகிறது. பழைய மைசூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இவ்வூர், 1997ஆம் ஆண்டு சாமராஜநகர் மாவட்டம் தனியே பிரிக்கப்பட்டபோது அதனுடன் சேர்ந்தது. மாநிலம் கர்நாடகம், ஊர்ப் பேச்சோ தமிழ். கடைப் பலகையில் கன்னடம் இருக்கும். கடைக்காரர் தமிழில் விலை சொல்வார்.

இவ்வூரின் பெயரைக் கேட்டதும் நம் வாசகர்களில் பெரும்பாலோர்க்கு நினைவுக்கு வருபவர் வீரப்பன். அவர் பிறந்த ஊர் இது. 2004 அக்டோபரில் அவரது கதை முடிந்த பின்னும் ஊர்ப்பெயரோடு அவர் பெயர் ஒட்டிக்கொண்டே இருக்கிறது. ஆனால் ஊருக்குள் சென்று கேட்டால் அவர்கள் நெகிழ்ந்து சொல்லும் பெயர் வேறு. பி. சீனிவாஸ் என்னும் இந்திய வனப்பணி அதிகாரி இங்கே மக்களோடு மக்களாக வாழ்ந்து, மருந்தகம் அமைத்து, மாரியம்மன் கோயில் எழத் துணை நின்றவர். 1991 நவம்பர் 10ஆம் நாள் வீரப்பனால் வஞ்சகமாகக் கொல்லப்பட்டார். பின்னர் அவருக்குக் கீர்த்தி சக்கரம் வழங்கப்பட்டது. அவரது படத்தை இன்றும் ஊரார் போற்றி வைத்திருக்கின்றனர். காட்டைக் காக்க வேண்டுமானால் முதலில் காட்டோரத்து மனிதரின் வாழ்வு சீராக வேண்டும் என்பதைச் செய்து காட்டியவர் அவர். இக்கட்டுரையில் நாம் சொல்லவிருப்பது குப்பையைப் பற்றி. எனினும் அவரை நினையாமல் கோபிநத்தத்தைப் பற்றி எழுதத் தொடங்குவது முறையாகாது.

கடந்த தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், சேலம் வட்டாரத்துக் கிளைகளைச் சேர்ந்த நாங்கள் பதினொருவர் அங்கே சென்றோம். வட்டார அளவில் ஏதேனும் ஒரு பொதுப்பணியைச் செய்து அறிக்கை அனுப்ப வேண்டியிருந்தது; அதை மறைப்பதற்கில்லை. மரம் நடலாம் என்றார் ஒருவர். சென்ற ஆண்டு நட்ட மரங்கள் என்னவாயின என்று இன்னொருவர் கேட்டதும் அப்பேச்சு அத்துடன் நின்றது. ஓடை ஒன்றைத் தூய்மை செய்யலாம் என்ற யோசனை அப்படித்தான் எழுந்தது. வனத்துறையிடம் முறையாக அனுமதி பெற்றோம். ஊரை ஒட்டி மழைநீரைச் சுமந்து காவிரிப் பக்கம் இறங்கும் ஓர் ஓடையின் கரையில், சாலையிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம் வரை, காட்டுக்குள் அடியெடுத்து வைக்காமல் பணி செய்ய வேண்டும் என்பது நிபந்தனை. வனக்காவலர் ஒருவர் உடன் வந்தார்.

அந்த ஓடைக்கு ஏன் இத்தனை கட்டுப்பாடு என்று முதலில் எங்களுக்குப் புரியவில்லை. வனக்காவலர்தான் விளக்கினார். ஓடை சென்று சேரும் காவிரி, இங்கே இரு மாநிலங்களின் எல்லையாக ஓடுகிறது. இக்கரையில் 1987இல் அறிவிக்கப்பட்ட காவிரி வனவிலங்கு சரணாலயம். அக்கரையில், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில், தமிழ்நாடு அரசு 2022 நவம்பரில் அறிவித்த காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயம். அதன் பரப்பு 686 சதுர கிலோமீட்டருக்கும் மேல். மனிதருக்குத்தான் அது எல்லை. யானைக்கும் மீனுக்கும் அது ஒரே வீடு. காவிரி வடிநிலத்தைத் தவிர உலகில் வேறெங்கும் காணப்படாத திமில் மகசீர் என்னும் பெருங்கெண்டை இந்த ஆற்றில் வாழ்கிறது. அருகிவரும் உயிரினங்களின் உலகப் பட்டியலில் 2018ஆம் ஆண்டு அது அழிவின் விளிம்பில் உள்ளது என்று சேர்க்கப்பட்டது. மென்னோட்டு ஆமைகள் உண்டு. மணல் திட்டுகளில் முதலைகள் வெயில் காயும். இவை எல்லாவற்றிலும் நாங்கள் காண ஆசைப்பட்டது நீர்நாயைத்தான்.

நீர்நாய் குடும்பமாக வாழும் விலங்கு. தாயும் தந்தையும் குட்டிகளும் வரிசையாக நீரில் தலை தூக்கி நீந்தும். மீனைத் துரத்திக் கூட்டாக வளைத்துப் பிடிக்கும். பாறை இடுக்கிலோ கரை மண்ணில் தோண்டிய வளையிலோ குட்டி ஈனும். குடும்பம் முழுவதும் ஒரே பாறையில் வந்து எச்சமிடும். அந்த எச்சத்தில் மீன் செதில்கள் மின்னும். ஆற்றில் நீர்நாய் இருக்கிறதா என்று அறிய விலங்கைத் தேட வேண்டுவதில்லை. பாறையைப் பார்த்தால் போதும் என்றார் வனக்காவலர். ஆகவே கரையோரத்துப் பாறையும் மணலும் புதரும் அதற்கு வீடும் முற்றமும் போல. ஆறு தெளிவாக ஓடிக்கொண்டிருந்தாலும் கரை கெட்டால் நீர்நாய் அந்த இடத்தை விட்டு அகன்றுவிடும். குப்பை சேர்வதோ பெரும்பாலும் கரையில்தான்.

காலை ஏழு மணிக்குத் தொடங்கிப் பதினொரு மணிக்குள் பதினேழு சாக்குகள் நிரம்பின. நெகிழிக் குடிநீர்ப் பாட்டில்கள், ஷாம்பு பாக்கெட்டுகள், சோப்பு உறைகள், எண்ணெய்ப் பாக்கெட்டுகள், காகிதத் தட்டுகள், பிரியாணிப் பொட்டலத்தின் வெள்ளித் தாள், மதுப் பாட்டில்கள், ஒற்றைச் செருப்புகள். ஒற்றைச் செருப்பு எப்படி இத்தனை சேர்கிறது என்பது எங்களில் யாருக்கும் விளங்கவில்லை. ஒகேனக்கல்லுக்குக் கர்நாடகக் கரை வழியாகச் செல்வோரும், விடுமுறை நாளில் காட்டைக் காண வருவோரும் இச்சாலையில் வண்டியை நிறுத்தி உண்டு, குளித்து, இளைப்பாறிச் செல்கின்றனர். அவர்கள் விட்டுச் சென்றவை இவை.

இவற்றுள் எதற்கு எத்தகைய தீங்கு என்பதை அன்றுதான் கற்றோம். கண்ணுக்கு அசிங்கமாகத் தெரிவது பாட்டில். ஆனால் உயிருக்கு உலை வைப்பது பெரும்பாலும் வேறு பொருள். உணவு ஒட்டிய பொட்டலத் தாளை உப்பு மணத்துக்காக மானும் மாடும் யானையும் தின்கின்றன. அது செரிக்காமல் வயிற்றில் தங்குகிறது. உடைந்த மதுப் பாட்டிலின் சில்லு யானையின் உள்ளங்காலில் ஏறினால், அத்தனை எடையும் அந்தக் காயத்தின் மேல்தான் அமர வேண்டும். சீழ் பிடித்து யானை மெல்ல இறப்பதும் உண்டு. எல்லாவற்றிலும் கொடியதாக வனக்காவலர் காட்டியது ஒரு கைப்பிடி நைலான் வலை. கிழிந்ததென்று மீனவர் எறிந்துவிட்டுப் போன வலை, பிடிப்பதை நிறுத்துவதில்லை. ஆமை சிக்கும், மூச்சுவிட மேலே வர முடியாமல் நீருக்குள்ளேயே மாளும். நீர்நாய்க் குட்டிக்கும் அதே கதி. அந்த ஒரு வலையை வேர்களிலிருந்து அறுத்தெடுக்க எங்களில் மூவருக்கு அரை மணி நேரம் பிடித்தது. பதினேழு சாக்குகளைவிட அந்த அரை மணி நேரத்தையே நாங்கள் இன்று பெரிதாக நினைக்கிறோம். அறிக்கையில் அதற்குத் தனி வரிசை இருக்கவில்லை.

மேட்டூர் அணை நிரம்பும் காலத்தில் தேக்க நீர் பாலாறு கலக்கும் அடிப்பாலாறு வரையில் ஏறி நிற்கும். 1934இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. நீர்மட்டம் ஏறும்போது கரையில் கிடப்பவை எல்லாம் மிதந்து எழும். இறங்கும்போது வேறிடத்தில் ஒதுங்கும். வெயிலில் காய்ந்து நொறுங்கிய நெகிழியோ துகளாகி நீரோடு போகும். அந்த நீர்தான் சேலத்தில் எங்கள் வீட்டுக் குழாயில் வருகிறது. காட்டு ஓடையின் குப்பை காட்டின் கவலை மட்டும் என்று எண்ண இதில் இடமில்லை.

அறிக்கை சென்றது, புகைப்படங்களும் சென்றன. சாக்குகளின் பின்னே நாங்கள் வரிசையாக நின்ற படம் நன்றாகவே அமைந்திருந்தது.

பங்குனியில் எங்களுள் நால்வர் மீண்டும் அவ்வழியே செல்ல நேர்ந்தது. வண்டியை நிறுத்தி ஓடைக்கரைக்கு இறங்கினோம். அதே பாட்டில்கள், அதே பாக்கெட்டுகள். அளவு சற்றுக் குறைவாக இருந்திருக்கலாம். அப்படிச் சொல்லி மனத்தைத் தேற்றிக்கொள்ளவும் முயன்றோம். சாலையோரத்துப் பெட்டிக்கடையில் தேநீர் அருந்தியபோது, பரிசல் ஓட்டும் பெரியவர் ஒருவர் எங்களை அடையாளம் கண்டுகொண்டார்.

“தையில வந்து சுத்தம் பண்ணவங்கதானே நீங்க? நல்ல காரியம்தான் சார். ஆனா நீங்க பொறுக்கிட்டுப் போன மறுவாரமே நாலு வேன் வந்துச்சு.”

“ஊரில் யாரும் கேட்பதில்லையா ஐயா?” என்றோம்.

“கேக்கறதுதான். கேட்டா, ஒரு பாட்டிலுக்கு இவ்வளவு பேச்சான்னு சொல்றாங்க. அவுங்க கையில அது குடிச்சு முடிச்ச பாட்டில். அதுக்கு மேல அதுல என்ன இருக்குது?”

இந்தக் கடைசிக் கேள்வி எங்களோடு சேலம் வரைக்கும் வந்தது. வணிகவியல் படித்தவர்களுக்கு அது பழக்கமான கேள்விதான். ஒரு பொருளின் மதிப்பு கணக்கில் பூச்சியமாகிவிட்டால் அதை எவரும் பத்திரப்படுத்துவதில்லை. நாங்கள் செய்த பணியும் எங்கள் தொழில் மொழியில் சொன்னால் வட்டி கட்டும் வேலை. நிலுவை வட்டியை மட்டும் அவ்வப்போது கட்டிவிட்டு, அசல் வளர்வதைக் கவனியாமல் இருக்கும் கடன்தாரரை நாம் பார்த்திருக்கிறோம். அவர் ஏய்ப்பவர் அல்லர், உண்மையாகவே கட்டுகிறார். கணக்கு மட்டும் என்றைக்கும் முடிவதில்லை.

திரும்பும் வழியில், சென்னையில் மந்தைவெளிப் பக்கம் பல ஆண்டுகள் பணிபுரிந்த எங்கள் நண்பர் ஒருவர் அடையாற்றுக் கழியைப் பற்றிச் சொன்னார். நகரத்து நீர்நிலையும் காட்டு ஓடையும் ஒன்றல்ல என்றாலும், குப்பையை எடுப்பதற்கும் குப்பை வராமல் செய்வதற்கும் உள்ள வேறுபாட்டுக்கு அதைவிடத் தெளிவான சான்று தமிழ்நாட்டில் குறைவு.

அடையாறு கடலில் கலக்கும் முன், வடகரையில் ஒரு கழி பிரிந்து குயிபிள் தீவைச் சுற்றி நீள்கிறது. கடலின் ஏற்றவற்றம் உள்ளே வந்து போகும் இடம். நண்டும் மடவையும் பெருகும் சேறு. வலசைப் பறவைகள் இறங்கும் திட்டு. தென்கரையில் 1882இல் பிரம்மஞான சபை தன் தலைமையிடத்தை அமைத்துக்கொண்டதால் அப்பக்கம் தோப்பாக நின்றது. வடகரையின் கழிப்பகுதியோ நகரம் வளர வளர இடிபாடு கொட்டும் இடமாயிற்று. வீடு இடித்தால் செங்கல்லும் காரையும் அங்கே சென்றன. கழி தூர்ந்தது, ஏற்றநீர் உள்ளே வர வழியில்லாமல் போயிற்று, மிஞ்சிய நீரில் கழிவுநீர் நின்றது.

அங்கே வெறுமனே பொறுக்கி முடியாது என்பது முன்பே தெரிந்திருந்தது. அடையாறு பூங்காவுக்கென 2006இல் ஓர் அறக்கட்டளை நிறுவப்பட்டது. அதுவே பின்னர் சென்னை நதிகள் சீரமைப்பு அறக்கட்டளையாயிற்று. முதற்கட்டமாக 58 ஏக்கரில் பணி நடந்தது. இடிபாடுகளை அள்ளி அகற்றினர். தூர்ந்த தரையை அகழ்ந்து ஏற்றநீர் மீண்டும் ஏறி இறங்க வழி செய்தனர். அலையாத்தி மரங்களையும் இம்மண்ணுக்கே உரிய செடி கொடிகளையும் நட்டனர். சுற்றிலும் வேலி இட்டனர். 2011 ஜனவரியில் தொல்காப்பியப் பூங்கா என்ற பெயரில் அது திறக்கப்பட்டது. பூங்கா என்றதும் ஊஞ்சலும் சுண்டலும் நினைவுக்கு வரும். அங்கே அப்படி நினைத்தவுடன் நுழைய முடியாதிருந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கு முதலிடம், ஏனையோர்க்கு முன்பதிவும் வழிகாட்டியும் என்ற முறையில்தான் அது நடந்து வந்தது. கட்டுப்பாடு மிகுதி என்று குறை சொன்னவர்களும் உண்டு. எங்கள் நண்பரும் அவர்களுள் ஒருவராக இருந்தவர். “இரவில் லாரி உள்ளே நுழைய வழி இல்லாமல் போனதுதான் பாதி வெற்றி” என்று இப்போது சொல்கிறார்.

மறு பாதியைச் சொல்லாமல் விடுவதும் நேர்மையன்று. கழிக்கு வெளியே அடையாறு மேலிருந்து கழிவுநீரைச் சுமந்தே வருகிறது. 2015 டிசம்பரில் சென்னையை மூழ்கடித்த அதே ஆறு, பெருமழை தோறும் நகரத்தின் நெகிழியையெல்லாம் முகத்துவாரத்தில் கொண்டு வந்து சேர்க்கிறது. வேலிக்குள்ளே பறவை திரும்பிவிட்டது. வேலிக்கு வெளியே தன்னார்வலர்கள் இன்னும் சாக்கோடு நிற்கின்றனர்.

கடல் கடந்து பார்த்தால், மூலத்திலேயே நிறுத்துவது என்ற முறையைப் பிடிவாதமாகச் செய்து முடித்தது சிங்கப்பூர். 1977இல் அன்றைய பிரதமர் லீ குவான் யூ, சிங்கப்பூர் ஆற்றையும் காலாங் படுகையையும் பத்தாண்டுகளில் தூய்மையாக்க வேண்டும் என்று கெடு வைத்தார். நீரில் மிதந்ததை அள்ளியது அவ்வேலையின் ஒரு சிறு பகுதியே. கரையோரப் பன்றிப் பண்ணைகளும் வாத்துப் பண்ணைகளும் இடம் மாறின. தெருவோர உணவுக் கடைகள் தண்ணீர்க் குழாயும் சாக்கடை இணைப்பும் உள்ள அங்காடிகளுக்குச் சென்றன. குடிசைகளில் இருந்தோர்க்கு அடுக்ககங்களில் வீடு கிடைத்தது. சரக்குப் படகுகள் வேறு துறைக்கு அனுப்பப்பட்டன. 1987இல் பணி முடிந்தது. இடம் பெயர்ந்தவர்களின் மனக்குறையையும் அக்கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும். எனினும் அதன் பிறகு ஒரு விருந்தாளி வந்தது. சிங்கப்பூரிலிருந்து மறைந்துபோயிருந்த நீர்நாய், 1990களின் இறுதியில் ஜொகூர் நீரிணையைக் கடந்து வந்து குடியேறத் தொடங்கியது. இன்று வானளாவிய கட்டடங்களின் அடியில், வங்கித் தலைமையகங்களின் வாசலில், குடும்பமாக மீன் பிடிக்கிறது. கோபிநத்தத்துக் காவிரியில் வாழும் அதே இன நீர்நாய்தான் அது.

இவற்றையெல்லாம் கேட்ட பின், நமக்கேற்ற அளவில் என்ன செய்யலாம் என்று பேசினோம். கோபிநத்தத்து ஓடைக்கு வேலி கட்ட முடியாது. யானை போகும் வழி அது. கண்காணிக்க ஆள் வைத்தால் யார் சம்பளம் கொடுப்பது? அபராதம் விதிக்கலாம்; விதிக்கும் கை அங்கே எப்போதும் இருக்க வேண்டும். தடைகளோ ஏற்கெனவே உள்ளன. கர்நாடகம் 2016இல் நெகிழிப் பைகள் முதலியவற்றைத் தடை செய்தது. தமிழ்நாட்டின் தடை 2019 ஜனவரி முதல் நாளிலிருந்து. நாடு முழுவதற்குமான ஒருமுறைப் பயன்பாட்டு நெகிழித் தடை 2022 ஜூலை முதல் நாளிலிருந்து. இத்தடைகளின் பட்டியலில் குடிநீர்ப் பாட்டிலும் ஷாம்பு பாக்கெட்டும் இல்லை என்பதே ஓடைக்கரையில் தெரியும் உண்மை.

அப்போதுதான் எங்களுள் மூத்தவர் ஒருவர் கோலி சோடாவை நினைவூட்டினார். நம் வாசகர்களில் ஐம்பதைக் கடந்தவர்களுக்கு அது மறந்திருக்காது. சோடா குடித்துவிட்டுப் பாட்டிலோடு நகர முடியாது. கடைக்காரரின் கண் நம் கையிலேயே இருக்கும். வீட்டுக்கு எடுத்துச் செல்ல வேண்டுமானால் பாட்டிலுக்கென்று காசு கட்ட வேண்டும். திருப்பிக் கொடுத்தால் காசு திரும்பும். அக்காலத்துத் தெருவில் கோலி சோடாப் பாட்டில் கேட்பாரற்றுக் கிடந்ததாக எங்களில் எவருக்கும் நினைவில்லை. நாங்கள் அன்றாடம் புழங்கும் சொல்லில் சொன்னால், அது ஒரு வைப்புத்தொகை.

இது பழங்கதை மட்டுமன்று. நீலகிரியில் காட்டோரமெங்கும் மதுப் பாட்டில்கள் எறியப்பட்டு யானைகளின் காலைக் கிழித்தபோது, சென்னை உயர் நீதிமன்றத்தின் தலையீட்டினால் 2022 மே மாதம் ஒரு திட்டம் வந்தது. அரசு மதுக்கடையில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கினார்கள். காலிப் பாட்டிலைத் திருப்பினால் அந்தப் பத்து ரூபாய் கிடைக்கும். விற்ற பாட்டில்களில் மிகப் பெரும்பகுதி திரும்பி வந்தது. குடித்தவர் எறிந்தாலும் வேறொருவர் பொறுக்கிக் கொடுத்துப் பணம் பெற்றார். பின்னர் வேறு பல மாவட்டங்களுக்கும் அத்திட்டம் விரிந்தது. குடிப்பவரின் மனத்தை எவரும் திருத்தவில்லை. பாட்டிலின் மதிப்பு மட்டும் பூச்சியத்திலிருந்து பத்தாயிற்று. அதே 2022இல் கேதார்நாத் யாத்திரைப் பாதையிலும் நெகிழிப் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் முன்பணம் வாங்கித் திருப்பித் தரும் முறை தொடங்கியது. ஜெர்மனியில் 2003 முதலே ஒருமுறைப் பயன்பாட்டுப் பாட்டிலுக்கு 25 சென்ட் முன்பணம் உண்டு. அங்காடி வாசலில் உள்ள இயந்திரத்தில் பாட்டிலைப் போட்டால் சீட்டு வரும், அச்சீட்டைக் காட்டினால் பணம்.

சித்திரையில் மறுபடி கோபிநத்தம் சென்றோம். இம்முறை சாக்கு எடுத்துச் செல்லவில்லை. பெட்டிக்கடை நடத்தும் அம்மையாரிடமும் அடுத்தடுத்த கடைக்காரர்களிடமும் யோசனையைச் சொன்னோம். எங்களுக்கு எளிதாகத் தோன்றியதில் எத்தனை முடிச்சுகள் என்பதை அந்த அம்மையார் ஒரு நிமிடத்தில் அவிழ்த்துக் காட்டினார்.

“இருபது ரூபாத் தண்ணிய நான் முப்பதுன்னு சொன்னா, அடுத்த கடைக்குப் போயிடுவாங்க சார். எல்லாக் கடையும் சேந்து சொல்லணும். அப்புறம் கொளத்தூர்லயே பெட்டியா வாங்கி வண்டியில போட்டுட்டு வர்றவங்க பாட்டிலுக்கு நான் எங்க இருந்து காசு குடுக்கறது?”

இரண்டும் நியாயமான கேள்விகள். முதலாவதற்கு விடை, கடைகள் ஒன்றுகூடுவது. சாலையில் கடைகள் சிலவே என்பதால் அது கைகூடாததன்று. இரண்டாவதற்கு விடை கடையிடம் இல்லை, சாவடியிடம் இருக்கிறது. காட்டுச் சாலையில் நுழையும் வண்டி எப்படியும் சாவடியில் நிற்கிறது. சில உயிரியல் பூங்காக்களில் செய்வது போல, உள்ளே வரும் பாட்டிலில் அங்கேயே ஓர் ஒட்டுத்தாள் ஒட்டி முன்பணம் வாங்கலாம். வெளியேறும்போது பாட்டிலைக் காட்டினால் திருப்பித் தரலாம். அதற்கு வனத்துறையின் இசைவு வேண்டும். விண்ணப்பம் எழுதிக் கொடுத்திருக்கிறோம். விடை வரும்வரை அதைப் பற்றி இதற்கு மேல் சொல்வது சரியாகாது.

மூன்றாவதாக ஒரு கேள்வி எழுந்தது. அதை எழுப்பியவர் பரிசல் பெரியவர். திரும்பி வராத பாட்டிலின் பத்து ரூபாய் யாருக்கு? எங்களுக்கு உள்ளூர ஒரு சிரிப்பு வந்தது. பத்தாண்டுகள் கேட்பாரற்றுக் கிடக்கும் வைப்புத்தொகை என்னவாகும் என்று வாடிக்கையாளர்கள் நம்மிடம் கேட்பதும் இதுதான். 2014 முதல் அத்தகைய தொகைகள் ரிசர்வ் வங்கியின் வைப்பாளர் கல்வி, விழிப்புணர்வு நிதிக்குச் செல்கின்றன. உரியவர் எப்போது வந்து கேட்டாலும் வங்கி தர வேண்டும். (இதைப் படிக்கும் வாசகர்கள் தங்கள் பழைய பாஸ்புக்குகளை ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நல்லது.) பாட்டில் விஷயத்தில் உரியவர் திரும்பி வரப்போவதில்லை. கடைக்காரர் தம் பையில் போட்டுக்கொண்டால், பாட்டில் திரும்பாமல் இருப்பதே அவருக்கு இலாபமாகிவிடும். பிறகு திட்டம் தன் காலைத் தானே வெட்டிக்கொள்ளும். ஆகவே அப்பணம் கடைக்கும் போகக்கூடாது, சாவடிக்கும் போகக்கூடாது. ஊரின் மகளிர் சுயஉதவிக் குழு ஒன்றின் பெயரில் தனிக்கணக்கு தொடங்கி அதில் சேர்ப்பது என்றும், பாட்டில்களைப் பொறுக்கிச் சேர்த்துப் பழைய பொருள் கடைக்கு அனுப்பும் பெண்களுக்கு அதிலிருந்தே கூலி தருவது என்றும் பேசி வைத்திருக்கின்றனர்.

ஷாம்பு பாக்கெட்டுக்கு இதில் வழியில்லை. பாட்டிலை எடைக்கு வாங்கப் பழைய பொருள் கடைக்காரர் இருக்கிறார். பல அடுக்குத் தாளால் ஆன பாக்கெட்டை எவரும் வாங்குவதில்லை. ஒரு ரூபாய்ப் பாக்கெட்டுக்கு என்ன முன்பணம் வைப்பது? அவற்றைத் தயாரிக்கும் நிறுவனங்களே திரும்பச் சேகரிக்கப் பொறுப்பேற்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் நெகிழிக் கழிவு மேலாண்மை விதிகளும் அவற்றின் 2022ஆம் ஆண்டுத் திருத்தமும் சொல்கின்றன. கோபிநத்தத்து ஓடைக்கரை வரையில் அந்தப் பொறுப்பு இன்னும் வந்து சேரவில்லை. கிழிந்த வலைக்கும் இதுவரை வழி காணவில்லை. பழைய வலையைக் கொண்டு வந்தால் எடைக்கு எடை ஏதேனும் கொடுக்கலாமா என்று பரிசல் பெரியவர் கேட்டார். கொடுக்கலாம் என்றே எங்களுக்கும் தோன்றுகிறது. எந்தக் கணக்கிலிருந்து என்பதுதான் தெரியவில்லை.

ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல்லின் இரு கரையிலும் கூட்டம் கூடும். அதற்கு முன் குறைந்தது கடைகள் மட்டுமாவது தொடங்கிவிட வேண்டும் என்பது அவர்களின் எண்ணம். சென்ற வாரம் கடைக்கார அம்மையார் கணக்குத் தொடங்கும் படிவத்தை வாங்கிச் செல்லக் குழுவின் தலைவியோடு மேட்டூர் வரை வந்திருந்தார். படிவத்தைத் தலைகீழாகவும் நேராகவும் பார்த்துவிட்டு, குறைந்தபட்ச இருப்பு எவ்வளவு வைக்க வேண்டும் என்று கேட்டார். சொன்னோம். “அப்ப அதுக்கு எத்தனை பாட்டிலு ஆகும்?” என்று தலைவியைக் கேட்டார். இருவரும் அங்கேயே விரல்விட்டு எண்ணத் தொடங்கினர்.